மூன்று பேரும் ஒரே வசனம் சொன்னோம்

பிள்ளை,

நீ மேலே பெட்டி அடுக்கிக்கொண்டிருக்கிறாய். நான் கீழே சாப்பாட்டு மேசையில் இருந்து உனக்குக் கடிதம் எழுதுகிறேன். ஒரே கூரைக்குக் கீழே இருந்துகொண்டு மகளுக்குக் கடிதம் எழுதுகிற விசர் மனிதன் டெக்ஸாஸின் இந்தக் கேட்டி ஊர் முழுக்கத் தேடினாலும் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். நேரிலேயே சொல்லிவிடலாம் என்று படியேறியும் வந்தேன். உன் அறை வாசலில் நின்றதும் வாய் வேறு எதையோ கேட்டது. "குளிர்க் கோட்டு வைச்சிட்டியே?" நீ ஓம் என்று தலையாட்டினாய். இறங்கிப் போய், கொஞ்சம் பொறுத்து மறுபடி ஏறி வந்து, அதையே மறுபடி கேட்டேன். "அப்பா, யூ ஆல்ரெடி ஆஸ்க்ட்" என்று சொல்லி என்னை ஒரு பார்வை பார்த்தாய். அந்தப் பார்வைக்குப் பிறகு இன்னொரு முறை ஏறுகிற துணிச்சல் எனக்கு இல்லை.

வியாழக்கிழமை நீ இஸ்தான்புல் போகிறாய். ஒரு வருடம் அங்கே பழைய அரசாங்கக் கடுதாசிகளுக்குள் தலையை விட்டுக்கொண்டு இருக்கப்போகிறாய். உண்மையைச் சொன்னால், போகாதே என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எனக்குப் பயமாக இருக்கிறது. நீ முதல்முதல் ஃப்ரீவேயில் கார் ஓட்டியபோது பக்கத்து சீட்டில் இருந்து நான் இல்லாத பிரேக்கை மிதித்தேனே, அந்தப் பயம் இல்லை இது. அதை நினைத்து நாம் இருவரும் சிரிக்கலாம். இது விடாமல் கூடவே இருக்கிறது. சாப்பிடும்போதும் இருக்கிறது, புல் வெட்டும்போதும் இருக்கிறது, உன் அம்மா டிவி பார்த்துச் சிரிக்கும்போது பக்கத்தில் இருந்து நானும் சிரிக்கிறேனே, அப்போதும் இருக்கிறது. ஆனால் எழுதத் தொடங்கிய பிறகுதான், போகாதே என்பதைவிட அவசரமாகச் சொல்லவேண்டியது ஒன்று இருப்பது தெரிந்தது. என் பயத்தால் நான் ஒன்றைக் கெடுத்துவைத்திருக்கிறேன். நீ விமானம் ஏறுமுன் அதை என்னால் முடிந்த அளவுக்காவது சீராக்க வேண்டும்.

நீ பயோலஜியை விட்டுவிட்டு வரலாறு படிக்கப்போகிறேன் என்று சொன்ன நாள் நினைவிருக்கிறதா? டாக்டர் ஆகாத பிள்ளையைக் கோயில் திருவிழாவில் நாலு பேருக்கு எப்படி அறிமுகம் செய்வது என்று உன் அம்மா ஒரு கிழமை முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். நான் அதைவிட மோசம். "சரி, வரலாறு எண்டால் வரலாறு. ஆனா ஏன் ஆர்மீனியர்? எங்கட கதை கிடக்குத்தானே, அதைப் படியன்" என்றேன். நீ ஆங்கிலத்தில் பதில் சொன்னாய். நம்முடைய கதையைப் பார்த்தால் எனக்கு உங்கள் முகம்தான் தெரிகிறது அப்பா, ஒரு நூற்றாண்டு தள்ளி வேறொரு சனத்துக்கு நடந்ததைப் படித்தால் கண் தெளிவாக இருக்கும் என்றாய். எனக்கு அது விளங்கவில்லை. ஆனாலும் உள்ளுக்குள் ஒரு நிம்மதி வந்தது. நூறு வருடத்துக்கு மேல் பழசு, நமக்குச் சம்பந்தமில்லாத நாடு, கொன்றவர்களும் உயிரோடு இல்லை, இதற்காக யார் என் பிள்ளையைத் தேடி வரப்போகிறார்கள் என்று நினைத்தேன். என் கணக்கு எவ்வளவு பிழை என்று போன வசந்தகாலத்தில் தெரிந்துகொண்டேன்.

நம் பக்கத்து நூலக மண்டபத்தில் நீ பேசினாயே, அந்த நாளைத்தான் சொல்கிறேன். நானும் அம்மாவும் பின்வரிசையில் இருந்தோம். ஆயிரத்துத் தொளாயிரத்துப் பதினைந்தில், போர் நடந்துகொண்டிருக்கும்போது, துருக்கியை ஆண்ட ஒஸ்மானிய அரசு தன் சொந்தக் குடிமக்களான ஆர்மீனியரை ஊர் ஊராகக் கிளப்பிச் சிரியப் பாலைவனம் பக்கமாக நடத்தியதையும், வழியில் அவர்கள் கொல்லப்பட்டதையும் பட்டினியில் விழுந்ததையும் நீ சொன்னாய். குரலை உயர்த்தாமல் சொன்னாய். பிறகு, இதெல்லாம் நமக்கு எப்படித் தெரியும் என்று கேட்டு நீயே பதில் சொல்லத் தொடங்கினாய். அமெரிக்கத் தூதரக அதிகாரிகள் எழுதி அனுப்பிய அறிக்கைகள். ஒஸ்மானியருக்கு நட்பு நாடான ஜெர்மனியின் ஆட்களே எழுதிவைத்தவை. மிஷன் ஆஸ்பத்திரிகளில் இருந்தவர்களின் குறிப்புகள். போர் முடிந்ததும் ஒஸ்மானிய நீதிமன்றங்களே நடத்திய விசாரணைகள். தப்பிய பிள்ளைகள் கிழவன் கிழவியான பிறகு டேப்பில் பேசியவை. ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு எதையும் சொல்லிவிட முடியாது, ஒன்றோடு ஒன்றை உரசிப் பார்ப்பதுதான் எங்கள் வேலை என்றாய். துருக்கி அரசு இன்றைக்கும் அதை இனப்படுகொலை என்று ஒத்துக்கொள்வதில்லை என்றும், அதைச் சொன்ன துருக்கி நாட்டு ஆராய்ச்சியாளர்களே வழக்கும் மிரட்டலும் பட்டார்கள் என்றும் சொன்னாய். வரலாறு படித்தவர்களில் மிகப் பெரும்பாலானோர் நடந்ததா இல்லையா என்று சண்டை பிடிப்பதில்லை. முதலிலேயே தீட்டிய திட்டமா, போரின் தோல்வியிலும் பயத்திலும் படிப்படியாக முற்றிய முடிவா? ஒரு மாவட்டத்து அதிகாரி கட்டளையை மறுத்தபோது அடுத்த மாவட்டத்து அதிகாரி கேட்டதற்கு மேலாகவே ஏன் செய்தார்? இவைதான் உங்களுடைய சண்டைகள். பக்கத்தில் இருந்த உன் அம்மா என் கையை இடித்து, "எங்கட பிள்ளைதானே இது?" என்று மெல்லக் கேட்டாள். எனக்கும் பெருமைதான், பொய் சொல்லவில்லை.

அப்போதுதான் நடு வரிசையில் இருந்து அந்த மனிதர் எழும்பினார். நீலச் சட்டை, நல்ல மரியாதையான பேச்சு. கையில் இரண்டு தாள் வைத்திருந்தார். தப்பிய ஒரு சிறுமி, தங்களைக் காலையில் குதிரைக்காரர்கள் கொண்டுபோனதாகச் சொல்கிறாள். அவளுடைய சொந்தத் தங்கை, பின்னேரம் காவற்காரர்கள் கொண்டுபோனதாகச் சொல்கிறாள். இதில் எவள் பொய் சொல்கிறாள் என்று கேட்டார். விடவில்லை. நீங்களே சொல்கிறீர்கள், சில அதிகாரிகள் காப்பாற்றினார்கள், சில குடும்பங்கள் வீட்டுக்குள் ஒளித்து வைத்தன என்று. கொல்லத்தான் நினைத்தார்கள் என்றால் காப்பாற்றினவர்கள் எங்கேயிருந்து வந்தார்கள் என்றார். நீ பயப்படவே இல்லை. இரண்டு பிள்ளைகளும் பொய் சொல்லவில்லை, பயந்த இரண்டு பிள்ளைகள் இரண்டு பக்கம் பார்த்தார்கள், அவ்வளவுதான் என்றாய். காப்பாற்றினவர்கள் எதற்காக ஒளித்து வைக்க வேண்டியிருந்தது என்று திருப்பியும் கேட்டாய். சனம் கைதட்டியது. அந்த மனிதர் சிரித்தபடி போனை உயர்த்தி உன்னைப் படம் எடுத்தார். நான் கைதட்டவில்லை.

அதற்குப் பிறகு வந்த மின்னஞ்சல்களை நீ எனக்குக் காட்டாமல் விட்டிருக்கலாம். அம்மா கேட்டதால் காட்டினாய். உன் படம், அதற்குக் கீழே அசிங்கமான சொற்கள், ஒன்றில் நம் தெருவின் பெயர். அதை அனுப்பியது நீலச் சட்டைக்காரரா வேறு யாராவதா என்று இன்றுவரை தெரியாது. வீட்டுக்கு வந்த போலீஸ்காரர் பணிவாகக் குறித்துக்கொண்டு போனார். நான் கராஜ் மேலேயும் பின்கதவிலும் கமரா வாங்கிப் பூட்டினேன். பார்சல் கொண்டுவருகிற பெடியன் மணி அடித்தபோது கதவுக்குப் பின்னால் மூச்சுக் காட்டாமல் நின்றேன். "உங்களுக்கு விசரே? அந்தப் பெடியன் பாவம் வெயிலுக்கை நிக்கிறான்" என்று உன் அம்மா வந்துதான் திறந்தாள். வெள்ளிக்கிழமைகளில் ஹைஸ்கூல் ஸ்டேடியத்தில் ஃபுட்போல் நடக்கும்போது சனம் போடுகிற கூச்சல் நம் வீடுவரை கேட்கும் அல்லவா? இத்தனை வருடம் அதைக் கேட்டுக்கொண்டு தேத்தண்ணி குடித்தவன் நான். இப்போது அந்தக் கூச்சல் எழும்பினால் நானும் எழும்பிப் போய்க் கதவுகளை இழுத்துப் பார்க்கிறேன். பெருங்கூட்டம் ஒன்று சேர்ந்து கத்தினால் என் கால்களுக்கு டெக்ஸாஸ் என்றும் தெரியாது, ஃபுட்போல் என்றும் தெரியாது.

ஆனால் என்னை உண்மையில் தின்றது மின்னஞ்சல் இல்லை, பிள்ளை. அந்தத் தாள் இரண்டும்தான். அக்காள் ஒரு கதை, தங்கை ஒரு கதை, எவள் பொய் சொல்கிறாள்? ஒருநாள் எங்களையும் பற்றி யாராவது ஒருவர் இப்படி எழும்பி நின்று கேட்பார் என்று தோன்றியது. கொழும்பில் எண்பத்து மூன்று ஜூலைக் கலவரத்தில் எங்கள் வீட்டை எரித்தார்கள் என்பது உனக்குத் தெரியும். தெஹிவளையில் வாடகை வீடு. என் அப்பா, அதாவது உன் அப்பப்பா, வேலைக்குப் போயிருந்தார். வீட்டில் அப்பம்மா, பள்ளிக்கூடம் போகிற வயதில் நான், என் தங்கச்சி, தம்பி. அவர்கள்தான் உனக்கு ரொறொன்ரோ மாமியும் லண்டன் சித்தப்பாவும். அந்தப் பகலைப்பற்றி எங்கள் மூன்று பேரின் கதையும் ஒருபோதும் ஒத்துப்போனதில்லை. குடும்பத்தில் எந்தக் கலியாணம் வந்தாலும், தாலி கட்டி முடிந்து சாப்பாட்டுப் பந்தியில் இருந்தால், நாங்கள் மூன்று பேரும் அதை வைத்துச் சண்டை பிடிப்போம். "அண்ணா, உனக்கு ஒண்டும் தெரியாது, நீ அம்மாவின்ர சீலைக்கை முகத்தை வைச்சுக்கொண்டு நிண்டனி" என்பாள் உன் மாமி. சிரித்துச் சிரித்துத்தான் சண்டை. சின்ன வயதில் நீயும் அதைக் கேட்டிருப்பாய், பாயசக் கோப்பையோடு மேசைக்குக் கீழே இருந்திருப்பாய்.

நான் எண்ணெய்க் குழாய்களைப் பரிசோதித்து அறிக்கை எழுதியே வேலைக்காலத்தைக் கழித்தவன். ஒரே குழாயை இரண்டு பேர் அளந்து இரண்டு அளவு கொண்டுவந்தால், அந்த அறிக்கையை நான் வெளியே விடமாட்டேன். இருவரையும் கூப்பிட்டு, மறுபடி அளக்கச் சொல்லி, ஒரே அளவுக்குக் கொண்டுவந்த பிறகுதான் கையெழுத்து. அளவு வேறுபட்டால் எங்கேயோ வெடிப்பு இருக்கிறது என்று அர்த்தம். இந்தப் பழக்கத்தைத்தான் நான் எங்கள் கதையிலும் காட்டினேன். நீ ஆர்மீனியரைப் பற்றி எழுதுகிற உன் புத்தகத்தின் முன்னுரைக்காக எங்கள் மூன்று பேரையும் தனித்தனியாகப் பேசவைத்துப் பதியப்போகிறேன் என்று சொன்ன கிழமையே, ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாமியையும் சித்தப்பாவையும் வீடியோவில் கூப்பிட்டேன். அந்தப் படத்தைக் காட்டினேன், தெருவின் பெயரைக் காட்டினேன். பிள்ளையின் எதிரிகளுக்கு நாம் ஒரு ஓட்டையும் விடக்கூடாது என்றேன். எது எது முரணோ அதையெல்லாம் வெட்டினேன். அன்றைக்கு எங்களைத் தங்கள் வீட்டுக்குள் எடுத்த பக்கத்து வீட்டுச் சிங்கள அன்ரியையும் அவருடைய மனிசனையும் கதையில் இருந்து வெட்டினேன். காப்பாற்ற ஆள் இருந்தது என்றால் பார்த்தீர்களா, அவ்வளவு மோசமாக ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்லிவிடுவார்களே என்ற பயம். மிஞ்சியது இவ்வளவுதான்: சனம் வந்தது, வீட்டை எரித்தது, நாங்கள் மதிலுக்குப் பின்னால் பொழுதுபடுமட்டும் பதுங்கியிருந்தோம், பிறகு அகதி முகாமுக்குப் போனோம். சித்தப்பா கொஞ்சம் முனகினான். "அண்ணா, அவையளை விட்டிட்டுச் சொல்லுறது சரியோ?" என்றாள் மாமி. "பிள்ளையின்ர உயிர் பெரிசோ, அவையள் பெரிசோ?" என்று நான் கத்தினேன். அதோடு அடங்கிவிட்டார்கள். நான் மூத்தவன் அல்லவா.

நீ ரொறொன்ரோ போய் மாமியைப் பதிந்தாய். சித்தப்பாவை வீடியோவில் பதிந்தாய். கடைசியாக என்னைப் பதிய, இதே மேசையில் போனை நிறுத்திவைத்து உட்கார்ந்தாய். நான் என் பாடத்தை ஒப்புவித்தேன். முடிந்ததும் நீ போனை அணைத்தாய். பிறகு, "அப்பா, இதை ஆர் எழுதினது?" என்று கேட்டாய். தமிழில் கேட்டாய். நல்ல கோபம் வந்தால் மட்டும்தான் நீ தமிழுக்கு வருவாய், அதனால் எனக்கு அப்போதே விளங்கிவிட்டது.

"ஆர் எழுதினதோ? ஏன் உப்பிடிக் கேக்கிறாய்?"

"மூண்டு பேரும் ஒரே சென்டன்ஸ் சொல்றீங்க. மதிலுக்குப் பின்னால பொழுதுபடுமட்டும் பதுங்கியிருந்தோம். மாமி பதுங்கினோம் எண்டு கதைக்கவே மாட்டா. அது உங்கட வேர்ட்."

பிறகு ஆங்கிலத்துக்குப் போனாய். கத்தவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. வேறு வேறு ஊர்களில் இருந்து ஒரே வசனம் வந்தால், அது அந்த ஊர்களில் பிறந்ததில்லை அப்பா, யாரோ ஒருவரின் மேசையில் பிறந்தது என்றாய். அதிகாரிகளின் அறிக்கைகளில் அப்படிக் கண்டால்தான் நாங்கள் முதலில் சந்தேகப்படுவோம் என்றாய். பயந்த பிள்ளைகள் மூன்று பேரின் கதை ஒத்துப்போகாமல் இருப்பதில்தான் அது உண்மையாக நடந்தது என்பதற்கான அடையாளம் இருக்கும். அதை நீங்கள் உரசி வழுவழுப்பாக்கிவிட்டீர்கள் என்றாய். கடைசியில் நீ சொன்னதுதான் எனக்கு அடி. அந்த நீலச் சட்டைக்காரர் செய்ய விரும்பியதை நீங்கள் அவருக்காகச் செய்துகொடுத்துவிட்டீர்கள் என்றாய். எழும்பிப் போய்விட்டாய். மேசையில் உன் தேத்தண்ணி ஆறிக் கிடந்தது. அதை என்ன செய்வதென்று தெரியாமல் நானே குடித்தேன்.

அடுத்த நாளே மாமிக்கு அழைத்தேன். "நான் சொல்லித்தந்ததை விடு. நீ கண்டதைப் பிள்ளைக்குத் திருப்பிச் சொல்லு" என்றேன். இதை அழித்துவிட்டு அதைப் போடுவதுதானே, ஒரு நாள் வேலை என்று நினைத்தேன். அவள் சொன்னாள்:

"அண்ணா, எனக்குப் பயமாக் கிடக்கு. நீ சொல்லித்தந்ததைப் பிள்ளைக்குச் சொல்லவேணும் எண்டு நான் கண்ணாடிக்கு முன்னால நிண்டு எத்தினை தரம் சொல்லிப் பாத்தனான் தெரியுமே? இப்ப கண்ணை மூடினால் மதிலுக்குப் பின்னால இருக்கிற மாதிரித்தான் வருது. அன்ரியின்ர வீட்டுக்கை நாங்கள் இருந்தனாங்கள் எண்டு தெரியும். ஆனா அந்த வீடு வருகுதில்லை. அவவின்ர முகம் வருகுதில்லை."

கூட்டமாக வந்து எங்கள் வீட்டை எரித்தவர்களால்கூட என் தங்கச்சியின் தலைக்குள் இருந்த அந்த வீட்டைத் தொட முடியவில்லை. அவளுடைய மூத்த அண்ணன் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் அதை இல்லாமல் ஆக்கிவிட்டான். இதைவிடப் பெரிய பயம் என் வாழ்க்கையில் வந்ததில்லை. ஏனென்றால் அடுத்தது என் தலை. நானும் அந்த வசனத்தைப் பல தரம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். எனக்குள்ளேயும் மதில் வளர்ந்துகொண்டு வருகிறது. அது முழுதாக மூடுமுன் எழுதிவிட வேண்டும் என்றுதான் இந்த அவசரம். இதை அம்மாவுக்கும் காட்டவில்லை, மாமிக்கும் சித்தப்பாவுக்கும் வாசித்துக் காட்டவில்லை. நீ யாருக்கு வேண்டுமானாலும் காட்டலாம், புத்தகத்திலும் போடலாம்.

நான் கண்டது இது. சனத்தின் சத்தம் எங்கள் ஒடுங்கிய ஒழுங்கைக்குள் வந்ததும் அப்பம்மா எங்களைப் பின்பக்கம் தள்ளிக்கொண்டு போனார். மதிலுக்கு அந்தப் பக்கம் அன்ரி ஏற்கெனவே ஒரு வாங்குப் பலகையைப் போட்டு அதில் ஏறி நின்றுகொண்டிருந்தார். எங்களை ஒவ்வொருவராக இழுத்து எடுத்தார். நாங்கள் அவர்களுடைய சமையலறைத் தரையில் குந்தியிருந்தோம். எங்கள் வீடு எரிகிற சூடு அந்தச் சுவரில் தெரிந்தது, நான் முதுகை வைத்திருந்தேன், பிறகு எடுத்துவிட்டேன். அன்ரியின் மனிசன் வீட்டில் இல்லை. பின்னேரம்போல் அவர் பின்கதவால் வந்தார். எங்களைக் கண்டு திடுக்கிடவில்லை, ஒன்றும் கேட்கவில்லை. குழாயடிக்குப் போய்ச் சவர்க்காரம் போட்டு முழங்கைவரை தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். அவர் என்னைக் கடந்து போகும்போது மண்ணெண்ணெய் மணந்தது. பிறகு அவர் எங்களோடு தரையில் இருந்து சோறும் பருப்பும் அவித்த முட்டையும் சாப்பிட்டார். தம்பியின் சாப்பாட்டுக் கோப்பையில் தன்னுடைய முட்டையைப் பிய்த்து வைத்தார். அந்தக் கையால்தான் வைத்தார். நான் அவருடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அதைக் கண்டிருக்க வேண்டும், ஏனென்றால் பிறகு என் பக்கம் திரும்பவே இல்லை.

இதை நான் கலியாணப் பந்திகளில்கூட முழுதாகச் சொன்னதில்லை, மண்ணெண்ணெயை விட்டுவிட்டுத்தான் சொல்வேன். மாமி, முகம் மறக்கிறதற்கு முன்னால், பந்தியில் சொன்ன கதை வேறு. அன்ரி முதலில் எங்களைக் கண்டதும் கதவைச் சாத்திவிட்டார், அப்பம்மா தட்டித் தட்டி அழுத பிறகுதான் திறந்தார் என்பாள். அந்த மனிதரில் மணந்தது புகை, அவர் எங்கள் வீட்டு நெருப்பை அணைக்கத் தண்ணீர் ஊற்றப் போயிருந்தார் என்றும் சொல்வாள். சித்தப்பாவின் கதையில் வாங்குப் பலகையும் இல்லை, கதவும் இல்லை. அந்த மனிதர்தான் தன்னைத் தோளில் தூக்கி மதில் கடத்தினவர், அவர் காலையில் இருந்து வீட்டில்தான் இருந்தார் என்று அடித்துச் சொல்வான். அவர் எரித்தவரா, அணைத்தவரா, தூக்கினவரா என்று எனக்குத் தெரியாது. எரிக்கிறவர்களோடு நின்றால்தான் தன் வீட்டைச் சோதனை போடமாட்டார்கள் என்று போய் நின்றாரோ, அதுவும் தெரியாது. நாங்கள் முகாமுக்குப் போய், பிறகு கப்பலில் யாழ்ப்பாணம் போய், அதற்குப் பிறகு அவர்களுக்கு ஒரு வரி எழுதவில்லை. எழுதினால் அவர்களுக்கு ஆபத்து என்று அப்பப்பா சொன்னார்.

நூலகத்தில் நீ சொன்ன ஒன்று அன்றைக்கு என் காதில் விழுந்தும் விழாமல் போனது. ஆர்மீனியப் பிள்ளைகள் பலர் அக்கம்பக்கத்து வீடுகளுக்குள் எடுக்கப்பட்டு வேறு பெயரில் வளர்ந்தார்கள், அந்த வீட்டுக்காரர்கள் காப்பாற்றினார்களா, பறித்துக்கொண்டார்களா என்று இன்றைக்கும் உங்களுக்குள் விவாதம், சில வீடுகளில் இரண்டும் சேர்ந்தே நடந்தது என்றாய். இவ்வளவு படித்த ஆட்களுக்கு இதை ஒரு பக்கம் முடிவாகச் சொல்லத் தெரியவில்லையா என்று நான் மனதுக்குள் நினைத்தேன். நான் அந்த முட்டை பிய்த்து வைத்த வீட்டில் இருந்தவன். எனக்கே முடிவு தெரியாது.

ஆகவே பிள்ளை, நீ பதிந்த என் பேச்சை அழிக்காதே. இந்தக் கடிதத்தை அதற்குப் பக்கத்தில் வை. பயந்துபோன ஒரு சாட்சி தன் சொந்தக் கதையை எப்படித் திருத்தினான், அதோடு மற்ற இரண்டு பேரின் கதையையும் எப்படித் திருத்தினான் என்று எழுது. அங்கே போய் அந்தப் பழைய தாள்களைப் புரட்டும்போது, ஒரே மாதிரி எழுதியிருப்பதைக் கண்டால், எழுதினவர்கள் எல்லோரும் கெட்டவர்கள் என்று மட்டும் நினைத்துவிடாதே. தன் பிள்ளைக்காகப் பயந்த யாராவது ஒருவர் அந்த மேசையில் இருந்திருக்கவும் கூடும். அது அவர்களை நல்லவர்களாக்காது. என்னையும் ஆக்கவில்லை.

போ. எனக்குப் பயம் குறையவில்லை, குறைந்தது என்று சொன்னால் அது இன்னொரு திருத்தம். உன்னை அழைத்திருக்கும் பேராசிரியர் துருக்கி நாட்டுப் பெண், இதே வேலையைச் செய்து அங்கேயே குடியிருக்கிறார் என்று அம்மா எனக்கு ஆறுதல் சொல்கிறாள். அவருக்கும் எங்கேயோ ஒரு அப்பா இருப்பார், கதவுகளை இழுத்துப் பார்த்துக்கொண்டு. தினமும் ஒரு குறுஞ்செய்தி போடு. ஒன்றும் எழுதத் தோன்றாவிட்டால் ஓம் என்று மட்டும் போடு, நான் விளங்கிக்கொள்வேன். நீ எங்கே நிற்கிறாய் என்பதைப் போனில் எனக்குத் தெரிகிற மாதிரி வை என்று கேட்க ஆசை, கேட்கமாட்டேன். வியாழக்கிழமை ஏர்போர்ட்டில் நான் கோட்டைப் பற்றி மறுபடி கேட்டால், சிரிக்காமல் ஓம் என்று சொல்லு.

இன்னும் ஒன்று மட்டும். அந்த அன்ரியின் பெயர் எனக்கு சோமா என்று ஞாபகம். மாமி சீலா என்பாள், முகம் போனாலும் பெயர் அவளிடம் மிஞ்சியிருந்தால். சித்தப்பா குசுமா என்று சத்தியம் பண்ணுவான். அவர்களை நீ தனித்தனியாகக் கேள், நான் பக்கத்தில் இருக்கமாட்டேன். மூன்று பெயரையும் எழுதிக்கொள். எங்களை உள்ளே எடுத்தவர் அந்த மூன்று பேரும்தான்.

அப்பா